சீனி போடாத பேடா

மூன்று தீபாவளிக்கு முன்னால் நடந்தது இது. மதுரையிலிருந்து ஊருக்குக் கிளம்பும்போது அப்பாவுக்கென்று தனியாக அரைக் கிலோ இனிப்பு வாங்கினேன். பெட்டியின் மேல் பச்சை ஸ்டிக்கர். ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று பெரிய எழுத்து. சாதாரண இனிப்பைவிடக் கிலோவுக்கு இருநூறு ரூபாய் கூடுதல். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் வந்து அப்போது 14 வருடம் ஆகியிருந்தது. அத்தனை தீபாவளிக்கும் அவர் தட்டில் முறுக்கும் மிக்சரும்தான். இந்த வருடமாவது எல்லோரோடும் உட்கார்ந்து ஒரு லட்டைப் பிட்டு வாயில் போடட்டும் என்று எனக்கு ஆசை.

போட்டார். காலையில் இரண்டு பேடா. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மைசூர்பாகு, ஒரு லட்டு. “சீனி போட்டது மாதிரியே இருக்கிறதே” என்று அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வழக்கமாக 170, 180 என்று காட்டும் குளுக்கோமீட்டர் அன்றைக்கு 274 என்றது. ஸ்ட்ரிப் நமத்துப் போயிருக்கும் என்று வேறொன்றை எடுத்து மறுபடியும் விரலில் குத்தினோம். 268.

எல்லாப் பழியையும் அந்தப் பெட்டியின் தலையில் போடுவது நியாயமில்லை. அன்று இலையில் வடை இருந்தது. சோறு வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாக விழுந்திருந்தது. ஆனால் அந்த ஒரு கரண்டி ஏன் விழுந்தது? ‘இன்றைக்கு நான் சீனியே தொடவில்லையே’ என்ற தைரியத்தில் விழுந்தது. அந்தத் தைரியத்தைத்தான் நான் இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கி வந்திருந்தேன்.

அப்பா 38 வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால் அவருக்குக் கோபம் வராது, கணக்குக் கேட்பார். குளுக்கோமீட்டரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “ஏம்மா, சீனி போடவில்லை சரி. அப்படியென்றால் இது எங்கேயிருந்து வந்தது?”

எனக்குத் தெரியவில்லை. பி.காம். படித்து 20 வருடமாக வரவு செலவு பார்க்கிறவள், ஒரு இனிப்புப் பெட்டியின் வரவு செலவு தெரியாமல் முழித்தேன்.

குழப்பம் முதலில் சொல்லிலேயே இருக்கிறது. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் வெள்ளையாக இருப்பது சீனி. சர்க்கரை என்று கடையில் கேட்டால் பழுப்பு நிறத்தில் வெல்லப் பொடி மாதிரி ஒன்றைக் கட்டிக் கொடுப்பார்கள். சென்னைக்குப் போனால் வெள்ளைதான் சர்க்கரை. பழுப்புக்கு ‘நாட்டு’ என்று முன்னால் ஒட்டுப் போட வேண்டும். பாட்டி காலத்துச் சமையல் குறிப்புகளில் ‘அஸ்கா’ என்று இருக்கும். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில், அன்று சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்த அஸ்கா என்ற ஊரின் ஆலைச் சரக்கு அது. ஊர்ப் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்டது. சீனி என்ற சொல்லிலோ சீனாவே உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவும் போதாதென்று நோய்க்கும் அதே பெயர். ‘அவருக்குச் சர்க்கரை இருக்கிறது’ என்கிறோம். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் எழுதியிருப்பதும் சர்க்கரைதான்.

ஆக, பெட்டியின் மேல் ‘சர்க்கரை இல்லை’ என்று ஒருவர் எழுதினால் அவர் சொல்வது சாக்கிலிருந்து அள்ளிப் போடும் வெள்ளைச் சரக்கை. அதைப் படிக்கிற நோயாளியின் காதில் விழுவது ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் பெரிய தொந்தரவு.

சீனி என்பது வேதியியல்காரர்களின் கணக்கில் சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸ், ஒரு ஃபிரக்டோஸ், இரண்டும் கைகோத்து நிற்பது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மட்டுமே நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த சங்கிலி. அரிசி, மைதா, கடலை மாவு எல்லாவற்றிலும் அந்தச் சங்கிலி உண்டு. நாக்கில் இனிக்காது; குடலில் அறுந்து குளுக்கோஸாகத்தான் ரத்தத்துக்குப் போகும். பருப்பு வகை என்பதால் கடலை மாவு கொஞ்சம் மெதுவாகப் போகும், மைதா அவசரமாகப் போகும். இதைப் புரிந்துகொண்ட அன்று, சீனி போடாத லட்டு எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. அதன் உடம்பே கடலை மாவு. பேடாவோ பால். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இயற்கையாகவே இருக்கிறது, லிட்டருக்குச் சுமார் 45 முதல் 50 கிராம். ஒரு லிட்டர் பாலைச் சுண்டக் காய்ச்சினால் கால் கிலோவுக்கும் குறைவாகக் கோவா கிடைக்கும். தண்ணீர்தான் போகிறது, லாக்டோஸ் எங்கும் போகாது. நூறு கிராம் கோவாவில் இருபது கிராமுக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருக்கும். சீனியை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்காத பேடாவிலும் அது உண்டு.

தீபாவளி முடிந்த மாதம், தெரிந்தவர் ஒருவர் மூலம் ஒரு சரக்கு மாஸ்டரைப் பார்த்தேன். நான் இனிப்பு வாங்கிய கடைக்காரர் இல்லை, வேறு ஊர். 30 வருடமாகப் பாகு கிண்டுகிறவர். அவரிடம் நான் முதலில் கேட்டது, சீனிக்குப் பதிலாக என்ன போடுகிறீர்கள் என்பது. அவர் திருப்பிக் கேட்டார்: “சீனி மைசூர்பாகில் என்ன வேலை செய்கிறது என்று நினைக்கிறீர்கள்?”

இனிக்கிறது என்றேன். சிரித்தார்.

இனிப்பது அதன் வேலைகளில் ஒன்றுதான் என்றார். கடலை மாவு ஒரு பங்கு, சீனி இரண்டு பங்கு, நெய் இரண்டு பங்கு என்று வைத்தால், சீனிதான் அந்தப் பண்டத்தின் எலும்பு. ஒற்றைக் கம்பிப் பாகில் மாவைக் கொட்டி நெய்யை ஊற்ற ஊற்றப் பொங்கி வரும் அந்தக் கூடு, பாகு இறுகுவதால் நிற்கிறது. அதிரசத்துக்கு ஒரு பதம், கடலை மிட்டாய்க்கு ஒரு பதம். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து, தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வருகிறதா என்று கேட்டு இறக்குவது எல்லாம் சீனியோ வெல்லமோ இருந்தால்தான் நடக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு பண்டம் சீக்கிரம் கெடாமல் பார்த்துக்கொள்வதும் அதுவே.

சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி சீனியைப்போல 600 மடங்கு இனிப்பு. ஒரு கிலோ சீனியின் இனிப்பை இரண்டு கிராமுக்கும் குறைவான பொடி கொடுத்துவிடும். இனிப்பு வந்துவிட்டது, மீதி 998 கிராம் எங்கே? அந்த இடத்தை எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். “நீங்கள் விசாரிக்க வேண்டியது அந்த எதையாவதைத்தான்” என்றார் மாஸ்டர்.

அந்தப் பள்ளத்தைக் கூடுதல் கோவாவால் நிரப்பலாம். கூடுதல் மாவு, நெய், முந்திரியால் நிரப்பலாம். அப்போது நெய் கிராமுக்கு 9 கலோரி, சீனி கிராமுக்கு 4 கலோரி என்ற கணக்கு குறுக்கே வரும்; சீனி போடாத துண்டு சீனி போட்ட துண்டைவிடக் கனமான உணவாகிவிடும். பேரீச்சம்பழத்தை அரைத்தும் நிரப்பலாம். ‘சர்க்கரை இல்லாத உலர்பழ லட்டு’ என்று விலை கூடுதலாக விற்பது அதுதான். பேரீச்சம்பழத்தின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. நார்ச்சத்து இருக்கிறது, தாதுக்கள் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த லட்டின் மேல் ‘சர்க்கரை இல்லை’ என்று எழுத ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

பெரிய கடைகள் பயன்படுத்துவது மால்டிடால், சார்பிட்டால் போன்றவற்றை. பெயர் முடிவதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், சாராயம் இல்லை. சர்க்கரை ஆல்கஹால் என்று வேதியியலில் ஒரு குடும்பம். மால்டிடால் ஏறக்குறைய சீனி அளவுக்கே இனிக்கும், எடையும் கொடுக்கும், பாகு மாதிரி ஏதோ ஒன்று வரும். உடல் அதை அரைகுறையாகத்தான் உறிஞ்சும். அதனால் கிராமுக்கு நான்குக்குப் பதில் இரண்டு கலோரி சொச்சம். ரத்தத்தில் ஏற்றமும் சீனியைவிடக் குறைவு. குறைவு என்றால் பாதி, பூஜ்யமில்லை. மால்டிடால் போட்ட துண்டு நான்கு சாப்பிட்டால், சீனி போட்ட துண்டு இரண்டு சாப்பிட்டதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அப்பா சாப்பிட்டது நான்கு.

உறிஞ்சாமல் விட்ட மீதி எங்கே போகும்? பெருங்குடலுக்கு. அங்கே தண்ணீரை இழுத்துக்கொண்டு, நுண்ணுயிர்களுக்கு விருந்தாகி, காற்றைக் கிளப்பும். என் சித்தி மகன் ஒருவன் உடம்பைக் குறைக்கிறேன் என்று சீனி இல்லாத சாக்லேட் ஒரு முழுப் பட்டையை ஒரே மாலையில் தின்றுவிட்டு அன்றிரவு கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்தே கொஞ்சம் உடம்பைக் குறைத்தான். உறையைத் திருப்பிப் பார்த்தால், பாலியால்கள் (சர்க்கரை ஆல்கஹாலுக்கு இன்னொரு பெயர்) பேதியை உண்டாக்கலாம் என்று பொடி எழுத்தில் இருந்தது. அது சட்டப்படி போட வேண்டிய எச்சரிக்கை. சட்டம் தன் கடமையைச் செய்திருந்தது. இவன்தான் பட்டையைத் திருப்பவில்லை.

அந்த மாலைக்குப் பிறகு நான் எல்லாப் பட்டைகளையும் திருப்பத் தொடங்கினேன். சூப்பர் மார்க்கெட்டில் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு நிற்கும் பெண்ணை ஊழியர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பழகிவிட்டது.

முன் பக்கத்தில் இருக்கும் வார்த்தைகள் ஒன்றுபோலத் தோன்றினாலும் சட்டத்தில் வேறு வேறு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018-ல் விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்கும் தனி விதிகள் கொண்டுவந்தது. அதன்படி ‘சர்க்கரை இல்லாதது’ என்று போட்டால் 100 கிராமில் அரை கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. ‘குறைந்த சர்க்கரை’ என்றால் திடப் பொருளில் 100 கிராமுக்கு 5 கிராம், திரவத்தில் 100 மில்லிக்கு 2.5 கிராம் வரை. ‘சர்க்கரை குறைக்கப்பட்டது’ என்றால் அது ஒப்பீடு: அதே மாதிரியான பழைய பண்டத்தைவிடக் குறைந்தது 25 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். இந்த மூன்றாவதில்தான் வேடிக்கை. 100 கிராமில் 28 கிராம் சர்க்கரை வைத்திருந்த பிஸ்கட் 21 கிராமுக்கு இறங்கினால் ‘குறைத்துவிட்டோம்’ என்று மார்தட்டலாம். 21 கிராம் என்பது ஐந்தில் ஒரு பங்கு சர்க்கரை.

நான்காவதாக ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை இல்லை’. என் பெட்டியில் இருந்தது இந்த இனம். சீனி, தேன், குளுக்கோஸ் பாகு எதையும் வெளியிலிருந்து சேர்க்கக் கூடாது, அவற்றுக்கு மாற்றாகச் செறிவூட்டிய பழச்சாறு போன்றவற்றைப் புகுத்தவும் கூடாது என்பது விதி. உள்ளே இயற்கையாக எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பதைப் பற்றி அந்த வார்த்தை வாய் திறப்பதில்லை. சீனி சேர்க்காத ஆப்பிள் சாறு 200 மில்லியில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது சர்வசாதாரணம். பாலும் கோவாவும் இந்தக் கதவு வழியாகவே கௌரவமாக உள்ளே வருகின்றன.

பின் பக்க அட்டவணையில் ‘மொத்தச் சர்க்கரை’, ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என்று இரண்டு வரி இருக்கும். நான் இப்போது இரண்டுக்கும் மேலே இருக்கும் கார்போஹைட்ரேட் வரியைத்தான் முதலில் பார்க்கிறேன். காரணம் மால்டோடெக்ஸ்ட்ரின். மாவுச்சத்தை நறுக்கிச் செய்த வெள்ளைப் பொடி இது. நிரப்புவதற்கு வசதி, விலை மலிவு. ஒன்றோ இரண்டோ கண்ணி உள்ள மூலக்கூறுகளை மட்டுமே சர்க்கரை என்று கணக்கிடும் அட்டவணையில், இதன் பெரும்பகுதி சர்க்கரை வரிக்குள் வராது. ரத்தத்தில் ஏறுவதோ ஏறக்குறைய குளுக்கோஸின் வேகத்தில். காபியில் போடும் இனிப்பூட்டிப் பொட்டலங்கள் சிலவற்றில்கூட எடைக்கு இதைத்தான் கலக்கிறார்கள். ஒரு பொட்டலத்தில் ஒரு கிராம் என்பதால் பாதகமில்லை. ஒரு புட்டிங் பொடியில் முதல் பொருளாக வந்தால் பாதகம். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாகப் போட வேண்டும் என்பது விதி. எனவே முதல் மூன்று பெயரைப் படித்தாலே பண்டத்தின் ஜாதகம் தெரிந்துவிடும். பெயருக்குப் பதில் எண் இருந்தால்: 950 அசிசல்பேம், 951 அஸ்பார்ட்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 965 மால்டிடால், 968 எரித்ரிட்டால்.

இதெல்லாம் உறை போட்ட பண்டத்துக்கு. கடையில் தட்டில் அடுக்கி, நிறுத்துப் பெட்டியில் போட்டுக் கொடுக்கும் இனிப்புக்கு எந்த அட்டவணையும் கிடையாது. எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்பதைத் தட்டின் முன்னால் எழுதிவைக்க வேண்டும் என்று 2020 அக்டோபரிலிருந்து விதி வந்தது, அது நல்ல விதி. உள்ளே மால்டிடாலா பேரீச்சம்பழமா என்று தெரிய வேண்டுமானால் நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டிருக்கிறேன். “சுகர் பேஷன்ட் எல்லாம் இதைத்தான் வாங்குகிறார்கள், தைரியமாக வாங்குங்கள் மேடம்” என்பதே பெரும்பாலும் கிடைத்த பதில்.

வாங்குகிறார்கள்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது; நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில். அத்தனை பேருக்கும் பிறந்தநாள் வரும், பேரப்பிள்ளையின் காதுகுத்து வரும், தீபாவளி வரும்.

இந்த ஆராய்ச்சியின் நடுவில் அத்தை வந்தார். அப்பாவின் அக்கா. கையில் உடன்குடிக் கருப்பட்டி, ஓலைப் பெட்டியில். “கண்ட மருந்துப் பொடியெல்லாம் எதற்கு? தம்பிக்குக் கருப்பட்டிக் காபி கொடு. இது சர்க்கரை நோயை ஒன்றும் செய்யாது.”

அத்தையிடம் வாதாடி ஜெயித்தவர் எங்கள் குடும்பத்தில் இல்லை. உடன்குடிக் கருப்பட்டி 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். அதன் வாசனைக்கு நான் அடிமை. ஆனால் அதன் எடையில் முக்கால்வாசிக்குக் குறையாமல் இருப்பது சுக்ரோஸ், சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே இதே தெரு. பனங்கற்கண்டு இன்னும் மோசம். படிகமாகும்போது மற்றதெல்லாம் கழிந்துபோய், கிட்டத்தட்டச் சுத்தச் சுக்ரோஸாக நிற்கும். இரும்பும் கால்சியமும் இருப்பது உண்மைதான். அதை நம்பி உடம்புக்கு இரும்பு சேர்க்க வேண்டுமானால் ஒரு நாளைக்கு எவ்வளவு கருப்பட்டி தின்ன வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். என் சொந்த அபிப்பிராயம், சர்க்கரை நோயாளிகளை ரசாயன இனிப்பூட்டிகளைவிட அதிகம் ஏமாற்றியது ‘நாட்டு’ என்ற சொல்தான். ரசாயனம் என்றால் ஜாக்கிரதையாக இருப்போம். நாட்டு என்றால் இரண்டு கரண்டி கூடப் போடுவோம்.

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. கருப்பட்டிக் காபியை நான் குடித்தேன்.

ரசாயனம் என்றதும் அப்பாவுக்கு நினைவு வருவது சாக்கரின். அவர் கடையில் சின்னப் பொட்டலமாக விற்றிருக்கிறார். பள்ளிக்கூட வாசலில் நான் சப்பிய குச்சி ஐஸின் கடைசியில் வரும் கசப்பு அதனுடையதுதானாம். 1879-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஃபால்பெர்க் என்ற வேதியியலாளர் நிலக்கரித் தாரில் வேலை பார்த்துவிட்டுக் கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்ததால் கிடைத்தது சாக்கரின். அஸ்பார்ட்டேமும் 1965-ல் ஒருவர் விரலை நக்கியதால் கிடைத்ததே. சுக்ரலோஸ் கதையில் நம் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார். 1976-ல் லண்டனில், சீனியில் குளோரினை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ஆய்வகத்தில், பேராசிரியர் ‘டெஸ்ட்’ செய்யச் சொன்னதைச் சசிகாந்த் பட்னிஸ் ‘டேஸ்ட்’ என்று காதில் வாங்கி நாக்கில் வைத்துவிட்டாராம். பிழைத்ததோடு உலகத்துக்கு ஒரு இனிப்பூட்டியும் கிடைத்தது. பாதுகாப்பு விதிகளைச் சரியாகக் கடைப்பிடித்திருந்தால் இந்தத் துறையே இருந்திருக்காது போலும்.

இவை நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களுக்கு என்னால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் உடல் எடையைக் குறைக்க இந்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்றது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்பதையும் அதே அறிக்கை சொன்னது, தலைப்புச் செய்திகள் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து, அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் பட்டியலில் அஸ்பார்ட்டேம் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் சேர்ந்தது. கூடவே அமர்ந்த இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை தினமும் ஏற்கலாம் என்ற பழைய அளவை மாற்றத் தேவையில்லை என்றது. 60 கிலோ ஆளுக்கு 2,400 மில்லிகிராம். சென்னை அறக்கட்டளை நடத்திய ஒரு ஆய்வில் நீரிழிவு உள்ளவர்கள் 12 வாரம் காபி, டீயில் சீனிக்குப் பதில் சுக்ரலோஸ் போட்டுக்கொண்டார்கள். எடை கொஞ்சம் குறைந்தது. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவில் பெரிய மாற்றமில்லை. காபிக் கோப்பையிலிருந்து இரண்டு கரண்டி சீனியை எடுத்தாலும் இலையில் சோறு அப்படியே இருந்தால் அப்படித்தான் ஆகும் என்பது என் ஊகம்.

எங்கள் வீட்டிலும் மருந்துக் கடைப் பொடி வருவதற்கு முன்பே இனிப்பூட்டி இருந்திருக்கிறது. அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில், இருமலுக்கு வைத்திருக்கும் அதிமதுரம். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. அதன் இனிப்புப் பொருள் சீனியைப்போலச் சுமார் 50 மடங்கு. அளவுக்கு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பதால் அப்பாவுக்கு அது ஆகாது. சிறுகுறிஞ்சான் அதற்கு நேர் எதிர். சர்க்கரைக்கொல்லி என்றே அதற்கு ஒரு பெயர். ஒருநாள் வேலியிலிருந்து நான்கு இலை பறித்து அப்பாவும் நானும் மென்றோம். பிறகு சீனியை வாயில் போட்டால் மணல். நறநறவென்று இருக்கிறது, இனிக்கவில்லை. நாக்கில் இனிப்பு உட்காரும் இடத்தை அந்த இலையின் சாறு போய் அடைத்துக்கொள்கிறது. அரை மணி நேரம் அப்படியே இருந்தது. “மாத்திரைச் செலவைவிட இது மலிவு” என்றார் அப்பா. வாழ்க்கையில் ஒரு அரை மணி நேரம் இனிப்பு என்ற ஒன்றே இல்லாமல் இருந்து பார்த்ததில் அவர் முகம் கொஞ்சம் கலவரமாகத்தான் இருந்தது.

ஒன்றை மட்டும் இந்தக் கட்டுரையைப் படிக்கிற வீடுகளில் எழுதி ஒட்டிவைக்கச் சொல்வேன். போன வருடம் தென்காசிக்குப் பஸ்ஸில் போகும்போது அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கியது. காலையில் மாத்திரை போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடவில்லை, சர்க்கரை இறங்கிவிட்டது. அம்மா அவசரமாகப் பையிலிருந்து மிட்டாய் எடுத்து வாயில் போட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நடுக்கம் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அது நான் வாங்கிக் கொடுத்த, சீனி இல்லாத மிட்டாய். பின் இருக்கையில் இருந்த ஒரு அம்மா தன் பேரனின் மாம்பழ ஜூஸை நீட்டியிருக்கிறார்; பத்து நிமிடத்தில் தெளிந்தார். தாழ்நிலைச் சர்க்கரைக்கு நிஜச் சர்க்கரைதான் மருந்து, 15 கிராம் அளவுக்கு உடனே. இனிப்பூட்டி நாக்கை ஏமாற்றும், ரத்தத்தை ஏமாற்றாது. இப்போது அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கிறது. சீனி இல்லாத மிட்டாய்களை வீட்டை விட்டே அனுப்பிவிட்டோம்.

காபிக்கு மட்டும் இனிப்பூட்டி மாத்திரை தொடர்கிறது, நாளைக்கு இரண்டு. பாலைக் குறைத்திருக்கிறார். சீனி போடாத இனிப்புப் பெட்டிகளை நான் வாங்குவதில்லை. போன தீபாவளிக்கு அப்பாவே தொலைபேசியில் சொன்னார்: “நீ வரும்போது ஜங்ஷனில் இறங்கி நிஜ அல்வா வாங்கி வா. நூறு கிராம் போதும்.” நான் தயங்கினேன். டாக்டரிடம் கேட்டாயிற்றாம். சாப்பாட்டில் சோற்றை இரண்டு கரண்டி குறைத்துக்கொண்டால், அதற்குப் பதிலாகக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னாராம்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் பரணிலிருந்து கடைக்காலத்துச் சின்னத் தராசை இறக்கினார். ஏலக்காயும் கிராம்பும் நிறுத்தது அது. பித்தளைத் தட்டை வேட்டி முனையால் துடைத்து, ஒரு பக்கம் 20 கிராம் கல்லை வைத்து, மறுபக்கம் வாழையிலைத் துண்டில் அல்வாவைக் கரண்டி நுனியால் கிள்ளி வைத்தார். “பாதி சீனி என்று வை. பத்து கிராம். கரண்டிக் கணக்கில் இரண்டு” என்றார். முள் நடுவுக்கு வரவில்லை, அல்வாப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. வாடிக்கையாளருக்கு நிறுக்கும்போது அந்தச் சாய்வை அப்படியே விட்டுவிடுகிறவர், அன்றைக்குக் கரண்டியை மறுபடியும் எடுத்து ஒரு பட்டாணி அளவு கிள்ளி, தன் பங்கிலிருந்து என் இலைக்கு மாற்றினார்.